முட்டு தாங்குமா? இந்த வாரத்து நடை, பந்து, ராத்திரி ஒன்றரை மணி ஆட்டங்கள்

புத்தேரிக்காரன் | ஞாயிறு, இரவு 9:40

ஃபுட்பால் பாக்குற நாம ஆட்டக்காரனோட காலைப் பத்தி ரொம்பக் கொஞ்சமாத்தான் பேசுறோம். கோல், பெனால்டி, எவன் எந்த கிளப்புக்குப் போறான், எவ்வளவு கோடின்னு விடிய விடிய பேசுவோம். அந்த முழங்கால் முட்டு வருசத்துக்கு எத்தனை ஆட்டம் தாங்கும்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. இந்த வாரம் பூரா எனக்கு இதுதான் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு.

வாரம் வழக்கம் போலத்தான் போச்சு. வெள்ளனே எந்திச்சு புத்தேரிக் குளத்துக் கரையில வேகநடை, வீட்டுக்கு வந்து மாடியில தண்டால், உக்காந்து எந்திக்கிறது, அப்புறம் குளியல். வேலை நாகர்கோவில் வடசேரியில மருந்து மொத்தக் கடையில, கணக்கு எழுதுறது. நாள் பூரா நாற்காலி. சாயங்காலம் நாலு மணி ஆனா இடுப்பு கெட்டியாப் பிடிச்சுக்கிடும். அதனால மணிக்கு ஒருதரம் எந்திச்சு மாடி குடோன் வரைக்கும் ஏறி இறங்குறேன். இதை ஆரம்பிச்ச பிறகு வலி நல்லாக் குறைஞ்சிருக்கு. நாற்காலி வேலை பாக்குறவங்க எல்லாரும் செஞ்சு பாருங்க.

செவ்வாய், புதன் ரெண்டு ராத்திரியும் ஐரோப்பா கிளப்புகளோட சாம்பியன்ஸ் லீக். குளிர்காலத்துல நமக்கு ஒன்றரை மணிக்குத்தான் பந்து உருளும், முடிய மூன்றரை. அடுத்த நாள் நடை நடையாவே இல்ல, காலை இழுத்துக்கிட்டு போன மாதிரி இருந்துச்சு. உறக்கம் கெட்டா உடம்பு என்ன பாடு படும்னு அப்பத்தான் யோசிச்சேன். பாக்குற நமக்கே இப்படின்னா, மூணு நாளைக்கு ஒருதரம் விமானம் ஏறிப் போய் ஆடுறவனுக்கு? 2024 செப்டம்பர்ல இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் சிட்டியில ஆடுற ரோட்ரி, ஆட்டம் கூடிப் போச்சு, ஆட்டக்காரங்க வேலைநிறுத்தத்துக்குப் பக்கத்துல வந்துட்டாங்கன்னு பேசினார். ஒரு வாரம் முடியல்ல, ஆர்சனல் கூட ஆடும்போது அவரோட முட்டு போயிட்டு. 2025ல கிளப் உலகக் கோப்பையை 32 அணி வச்சு நடத்தினாங்க. ஜூலை 13ல ஃபைனல் ஆடின பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி ஆகஸ்ட் 13ல ஐரோப்பிய சூப்பர் கப் ஆடுச்சு. நடுவுல ஓய்வு எங்கே, பயிற்சி எங்கே?

இன்னைக்கு சாயங்காலம் சங்குத்துறை கடற்கரையில பயலுவ கூட ஆடப் போயிருந்தேன். விங்குல ஆடுற பயல், காலேஜ் டீம்ல இருக்கான், நல்ல வேகம். பந்தை வாங்கித் திரும்பினான். யாரும் அவனைத் தொடவே இல்ல. பாதம் ஈர மணல்ல பதிஞ்சு நின்னுட்டு, உடம்பு மட்டும் திரும்பிச்சு. அப்படியே உக்காந்துட்டான். ரெண்டு கையாலயும் முட்டைப் பிடிச்சுக்கிட்டு, “உள்ள டப்புன்னு கேட்டுச்சுண்ணே”ன்னான். ஒட்டியிருந்த மணலைத் துடைச்சு விட்டோம். தண்ணி வாங்கிட்டு வாறதுக்குள்ள முட்டுச்சிப்பி இருக்க இடமே தெரியல்ல, அவ்வளவு வீக்கம். கூட நின்ன பயலுவ கேட்ட முதல் கேள்வி, “செவ்வாய்க்கிழமை செவன்ஸ் இருக்கே, அதுக்குள்ள சரியாவுமாண்ணே?” (செவன்ஸ்னா பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற பந்தயம்.)

நாளைக்கு எலும்பு, மூட்டு கட்டுற ஆசான்கிட்ட கூட்டிட்டுப் போறதா அவங்க வீட்ல சொல்லுறாங்க. இந்த விசயத்துல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

---

தூத்தூர் விங் | திங்கள், காலை 6:15

அண்ணே, அந்தப் பயலை செவ்வாய்க்கிழமை கிரவுண்ட் பக்கமே விடாதீங்க. வேடிக்கை பாக்கக்கூட வேண்டாம், பாத்தா இறங்கிருவான்.

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி வரைக்கும் பந்து இல்லாத வீடு இல்லன்னே சொல்லலாம். மாநிலங்களுக்கு இடையில நடக்குற சந்தோஷ் டிராபி ஆடினவங்க எங்க கரையில பலபேர் இருக்காங்க. ஃபுட்பால் ஆட்டக்காரர் சூசைராஜும் அவர் கூடப்பிறந்த ரெஜினும் இரவிபுத்தன்துறைக்காரங்க. சூசைராஜ் ஆடின கிளப் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், அப்புறம் 2020ல ஐஎஸ்எல், அதான் இந்தியன் சூப்பர் லீக் ஜெயிச்ச கொல்கத்தா ஏடிகே. அடுத்த சீசன் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸ் கூட. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல முட்டுல அடி. அந்த சீசன் பூரா போச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க ஊர்ல டிவி வச்ச எந்த வீட்லயும் சத்தமே இல்ல.

அவருக்காவது கிளப் இருந்துச்சு, ஸ்கேன், ஆபரேஷன், பிசியோன்னு பாத்துக்கிட ஆள் இருந்துச்சு. செவன்ஸ் ஆடுற பயலுக்கு யாரு இருக்கா? ஒரு ராத்திரி ஆடினா அன்னைக்கே கையில காசு. முட்டு போனா அடுத்த நாள் அவன் பேரை யாரும் எடுக்க மாட்டாங்க.

இன்னொரு விசயம். எங்க ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்குல கரை திரும்ப மாட்டாங்க. படகுல ஓட இடம் இல்ல, வலை இழுக்குறதும் நிக்கிறதும் உறங்குறதும்தான். கையும் முதுகும் இரும்பாட்டம் இருக்கும், கால் ஓடி மறந்திருக்கும். கரை இறங்கின அன்னைக்கு சாயங்காலமே பந்து. தொடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருறவன் பெரும்பாலும் அன்னைக்கு இறங்கினவனாத்தான் இருப்பான். நான் கண்ணால பாத்தது இது.

பெரிய ஃபுட்பால் பத்தி என் கருத்து: ரோட்ரி சொன்னது நியாயம். ஆனா நம்ம நாட்டு ஆட்டக்காரனுக்கு நேர் எதிர்க் கஷ்டம், ஆட்டமே இல்ல. 2025 ஜூலையில ஐஎஸ்எல்லை நிறுத்தி வைக்கிறோம்னு சொன்னப்போ எத்தனை பேர் சம்பளம் வருமான்னு தெரியாம நின்னாங்க. ஆட்டம் இல்லாம மாசக்கணக்குல கிடந்துட்டு திடீர்னு ஆடச் சொன்னாலும் காயம்தான்.

---

மார்த்தாண்டம் பிசியோ | திங்கள், இரவு 10:05

புத்தேரிக்காரன் அண்ணே, நீங்க எழுதினதுல மூணு விசயம் முக்கியம். யாரும் தொடாம விழுந்தான், டப்புன்னு சத்தம் கேட்டான், கொஞ்ச நேரத்துலயே வீங்கிச்சு. மூணும் சேர்ந்து வந்தா முட்டுக்குள்ள இருக்க முன்பக்கக் குறுக்குத் தசைநார், அதான் ஏசிஎல்னு சொல்லுறது, கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். உடனே வாற வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள்ள ரத்தம் கசியுறதால வாறது. மறுநாள் மெதுவா வீங்குறது வேற கணக்கு. கையால பரிசோதிச்சும் ஓரளவு சொல்லலாம், உறுதியாத் தெரிய எம்ஆர்ஐ வேணும்.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது: துணியில சுத்தின ஐஸ் பதினஞ்சு இருபது நிமிசம், நாளுக்குச் சிலதரம். மிதமா ஒரு கிரேப் பேண்டேஜ். படுக்கும்போது காலைத் தலையணை மேல தூக்கி வைக்கணும். முதல் ரெண்டு மூணு நாள் சூடு வேண்டாம், அமுக்கித் தடவ வேண்டாம், உள்ள ரத்தக் கசிவு கூடும். நொண்டாம நடக்க வாறவரைக்கும் ஊன்றுகோல் வச்சுக்கிடட்டும்.

ரோட்ரி விசயத்துல ஒண்ணு. ஒரு ஆட்டக்காரனோட ஒரு காயத்தை வச்சு, ஆட்டம் கூடினதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. ஏசிஎல் ஓய்வா இருந்தவனுக்கும் கிழியும். ஆனா களைச்ச தசை மூட்டைத் தாங்காது, அது உண்மை. நம்ம விவாதம் அங்க நிக்கணும்.

தூத்தூர் தம்பி சொன்னதை நான் தினமும் கிளினிக்ல பாக்குறேன். உடம்பு பழகாத வேலையை ஒரே நாள்ல ஏத்துறதுதான் ஆபத்து. மாசக்கணக்குல கரையில கிடந்த இன்ஜினை எண்ணெய் பாக்காம முழு வேகத்துல முறுக்குற மாதிரி. கரை இறங்கினவன் முதல் சில நாள் மெதுவோட்டம், அப்புறம் பாதி வேகம், அதுக்கு அப்புறம் ஆட்டம்னு வரணும்.

இதுக்கு மருந்து விலை கொடுத்து வாங்க வேண்டியதில்ல. ஃபிஃபா 11+னு ஒரு வார்ம்-அப் இருக்கு, 20 நிமிசம். முதல் 8 நிமிசம் மெதுவோட்டத்தோட இடுப்பைத் திறந்து மூடுற மாதிரி அசைவு, ஜோடி ஜோடியா லேசாத் தோளை இடிச்சுக்குறது. அடுத்த 10 நிமிசம் பிளாங்க், அதான் முழங்கையை ஊன்றி உடம்பை நேரா வச்சுக்கிடுறது, ஒத்தைக்கால்ல நிக்கிறது, உக்காந்து எந்திக்கிறது, குதிச்சு மெதுவா இறங்குறது. கடைசி 2 நிமிசம் வேகமா ஓடி திசை மாத்துறது. நார்வேயில 125 கிளப்புல 13லிருந்து 17 வயசுப் பெண் பிள்ளைங்களை வச்சு இதைச் சோதிச்சு 2008ல வெளியிட்டாங்க. கடுமையான காயம் கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சுது. வாரத்துக்கு ரெண்டு மூணு தரமாவது விடாம செய்யணும், அப்பத்தான் பலன்.

குதிச்சு இறங்குறதுலதான் கவனம் வேணும். இறங்கும்போது முட்டு ரெண்டும் உள்பக்கமா ஒட்டக் கூடாது. எதிர்ல ஒருத்தனை நிக்க வச்சு, முட்டு கால் விரலுக்கு நேரா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

---

கோட்டாறு ஸ்டாப்பர் | செவ்வாய், காலை 7:30

தம்பிமாரே, மூத்தவனா சொல்லுறேன், கோவப்படாதீங்க. நாங்க ஆடின காலத்துல தோல் பந்து, மழையில நனைஞ்சா தூக்க முடியாது. கல்லு கிடக்குற தரை. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வாறவன், கிழங்கும் சாளைக் கறியும் தின்னுட்டு நேரா இறங்குறவன், எல்லாரும் ஆடினோம். கரண்டைக்கால் பிசகினா ஆசான் கட்டுவார், எண்ணெய் ஊத்துவார், திரும்ப ஆடுவோம். நம்ம கன்னியாகுமரி ஜில்லா ஆசான்மாரோட கைப்பழக்கத்தைக் குறைச்சு யாரும் பேசிரக் கூடாது, தலைமுறை தலைமுறையா வாற வித்தை அது.

இப்போ பெரிய ஃபுட்பால்ல அஞ்சு மாற்று ஆள் விடலாம். பெரிய கிளப்புக்கு பெஞ்சுல அஞ்சு பேரும் நட்சத்திரம், சின்ன கிளப்புக்கு யாரு இருக்கா? 70 நிமிசம் மல்லுக்கட்டி நின்ன சின்ன டீமுக்கு எதிர்ல புதுக் கால் அஞ்சு வந்து நிக்கும். இது நியாயம் இல்ல. அப்புறம் விஏஆர், வீடியோவைப் பாத்துத் தீர்ப்பு சொல்லுறது. கோல் போட்டவன் கையைத் தூக்கி ஓடுறான், ரசிகன் எந்திச்சு நிக்கிறான், ரெண்டு நிமிசம் கழிச்சு தோள்பட்டை ஆஃப்சைடுன்னு சொல்லுறாங்க. பாதி அளவு தானியங்கிக் கருவி வந்த பிறகு சீக்கிரம் சொல்லுறாங்க, ஒத்துக்கிடுறேன். ஆனா ஆஃப்சைடு விதி வந்தது கோல் வாசல்லயே போய் உக்காந்திருக்கவனைத் தடுக்கத்தான். பெருவிரல் நகம் அளவுக்கு முன்னாடி இருக்கவன் என்ன லாபம் எடுத்துட்டான்?

48 அணி உலகக் கோப்பையை நான் ஆதரிக்கிறேன். சின்ன நாட்டுக்காரனும் ஒருதரம் தன் நாட்டுப் பாட்டுக்கு நெஞ்சுல கை வச்சு நிக்கட்டும்.

---

குளச்சல் டீச்சர் | செவ்வாய், மாலை 5:50

அண்ணாச்சி, உங்க மேல மரியாதையோட ஒண்ணு கேக்குறேன். உங்க கூட ஆடினவங்கள்ல முட்டு போனவங்க இன்னைக்கு எங்க இருக்காங்க? கோயில் படி ஏற முடியாம, தரையில சம்மணம் போட முடியாம வீட்ல இருக்காங்க. கிரவுண்ட்ல கடைசிவரைக்கும் நின்னவங்களை மட்டும் பாத்தா அந்தக் காலத்துல காயமே இல்லன்னுதான் தோணும். எங்க அப்பா அப்படி ஒருத்தர். முப்பது வயசுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போச்சு. திரும்ப ஆடலாம்னு காத்திருந்த காலம் பூரா வீட்ல யார்கிட்டயும் சரியாப் பேச மாட்டார்.

நான் பெண் பிள்ளைங்களுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுக்குறேன். பிசியோ சார் சொன்ன அந்த நார்வே ஆய்வு பெண் பிள்ளைங்களை வச்சு நடந்ததுங்கிறதை எல்லாரும் கவனிக்கணும். ஒரே மாதிரி ஆடினாலும் ஏசிஎல் கிழியுற ஆபத்து பெண்களுக்கு ஆண்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா வார்ம்-அப்புக்கு நேரம் கேட்டா பள்ளிக்கூடங்கள்ல கிடைக்கிறது இல்ல. ஒரு பீரியட் 40 நிமிசம், அதுல 20 நிமிசம் பயிற்சியான்னு பிள்ளைங்களே முகத்தைச் சுளிக்கும்.

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ல மணிப்பூரை ஜெயிச்சு தேசிய சாம்பியன் ஆச்சு, 2023ல திரும்பவும் ஆச்சு. மதுரை சேது எஃப்சி 2019ல இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயிச்சுது. இதெல்லாம் நம்ம ஜில்லாவுல எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்கள் ஆட்டத்துக்கு பேனர் கட்டுற ஊர்ல பெண் பிள்ளைங்களுக்கு பூட் வாங்கிக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கு. கடற்கரை ஊர்ப் பிள்ளைங்க மணல்ல ஓடி வளர்ந்த பிள்ளைங்க, மூச்சு நீளம், கால்ல பலம். அவங்களை விட்டுரக் கூடாது.

அஞ்சு மாற்று ஆள் விசயத்துல நான் உங்களுக்கு எதிர்க் கட்சி அண்ணாச்சி. சின்ன கிளப்போட கஷ்டம் நிஜம், அதைப் பணத்தைப் பங்கு வைக்கிறதுல சரி பண்ணட்டும். களைச்சவனை உள்ளயே நிப்பாட்டித்தான் சமநிலை கொண்டு வரணும்னா அந்தச் சமநிலை எனக்கு வேண்டாம்.

---

புத்தேரிக்காரன் | புதன், இரவு 9:15

பயலோட விசயம் சொல்லுறேன். ஆசான்கிட்ட போனாங்க, நானும் கூடப் போனேன். வயசானவர். பயலைப் பலகையில படுக்க வச்சு, முட்டைத் தொடுறதுக்கு முன்னாடி நல்ல காலைத் தொட்டு அசைச்சுப் பாத்தார். அப்புறம் அடிபட்ட காலை மடக்கி, கெண்டைக்கால் பக்கத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னால மெல்ல இழுத்தார். அது இந்தக் கால்ல கூடுதலா நகருறது எனக்கே தெரிஞ்சுது. எண்ணெய்க் குப்பியைத் திறக்கவே இல்ல. “உள்ள நாரு போயிருக்கு மக்ளே, இது கட்டுக்கு நிக்காது, படம் எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க”ன்னு சொல்லி அனுப்பினார். காசும் வாங்கல்ல.

கோட்டாறு அண்ணாச்சி சொன்ன கைப்பழக்கம் இதுதான். எது தன் கைக்கு அடங்கும், எது அடங்காதுன்னு தெரிஞ்சவர்.

எம்ஆர்ஐ எடுத்தாச்சு. ஏசிஎல் முழுசாக் கிழிஞ்சிருக்கு, முட்டு எலும்புக்கு நடுவுல இருக்க சவ்வு தப்பிச்சிருக்கு. முதல்ல வீக்கம் இறங்கி, கால் முழுசா நீட்ட மடக்க வரணும், அதுக்குப் பயிற்சி, அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவங்க அம்மாவுக்கு இதுதான் பிடிபடல்ல, கிழிஞ்சதை உடனே தைக்காம என்னத்துக்குப் பயிற்சின்னு கேக்குறாங்க. பிசியோ தம்பி, அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்ல முடியுமா?

பயல் ஒரு வார்த்தை பேசல்ல. ராத்திரி ஃபோன் பண்ணி, “எத்தனை மாசம்ணே?”ன்னு மட்டும் கேட்டான்.

---

மார்த்தாண்டம் பிசியோ | புதன், இரவு 11:20

அந்த அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க அண்ணே. வீங்கி விறைச்சுக் கிடக்குற முட்டுல ஆபரேஷன் பண்ணினா, பிறகு கால் முழுசா நீளாம நின்னு போற அபாயம் உண்டு. முன்தொடைத் தசை ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்வளவு பலமா இருக்கோ, பின்னாடி அவ்வளவு சீக்கிரம் தேறும். அதனால இந்த வாரங்கள் வீணாப் போறது இல்ல, சிகிச்சையே இப்பவே தொடங்கியாச்சு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா, இந்த ஆபரேஷன் அதுல வருமான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு மேசையில முன்கூட்டியே கேட்டு வச்சுக்கிடச் சொல்லுங்க.

பயல்கிட்ட சொல்ல வேண்டியது: ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாசம். அது குறைஞ்ச அளவு. அதுக்கு முன்னாடி ஆட்டத்துக்கு இறங்கினவங்களுக்குத் திரும்ப அடிபடுறது ரொம்ப அதிகம்னு ஆய்வுல தெளிவா வந்திருக்கு. ஒன்பது மாசம் ஆனாலும் ஒத்தைக்கால்ல குதிக்கிற தூரமும் தொடைப் பலமும் நல்ல காலோட ஒப்பிட்டு கிட்டத்தட்டச் சமமா இருக்கணும், அப்பத்தான் பந்து. ரோட்ரியே 2024 செப்டம்பர்ல விழுந்தவர், 2025 மே மாசம்தான் திரும்ப இறங்கினார். உலகத்துலயே சிறந்த வசதி இருக்கவருக்கே அவ்வளவு ஆச்சுன்னா இவன் அவசரப்படக் கூடாது. தனியா விட்டுராதீங்க. கூட ஆடினவனுவ வாரத்துக்கு ஒருதரமாவது வீட்டுக்குப் போகணும்.

---

தூத்தூர் விங் | வெள்ளி, காலை 5:40

எங்க கரையில நேத்து ராத்திரி பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். அடுத்து நாங்க நடத்துற செவன்ஸ்ல டீம் ஆட்டத்துக்கு அரைமணிக்கு முன்னாடி வரணும், இருபது நிமிசம் வார்ம்-அப் முடிச்ச பிறகுதான் ரெஃப்ரி விசில். வீக்கத்தோட வாறவனை இறக்க மாட்டோம். நுழைவுக் காசுல ஒரு பங்கை அடிபட்டவனுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறோம். பெரியவங்க ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க, ஆட்டம் தாமசமாவும்னு. ஆகட்டும்.

நேத்து சாயங்காலம் பிசியோ அண்ணன் சொன்ன வார்ம்-அப்பைச் செஞ்சும் பாத்தோம். கூடவே, முட்டி போட்டு நிக்க, ஒருத்தன் பின்னால கரண்டையைப் பிடிச்சுக்கிட, உடம்பை வளைக்காம முன்னால மெதுவாச் சாயுறது, நோர்டிக்னு தேடிக் கண்டுபிடிச்சோம். கடல்ல டன் கணக்குல மீன் இழுக்குறவன்கூட பாதி சாயுறதுக்குள்ள கை ஊன்றிட்டான். தொடைப் பின்சதை இவ்வளவு பலம் இல்லாம இருக்கும்னு அவனே நம்பல்ல. இது வாரத்துக்கு எத்தனை தரம் செய்யலாம்?

டீச்சர், உங்க பிள்ளைங்களுக்கு பூட் அளவு எழுதிக் கொடுங்க. எங்க பக்கம் வெளிநாட்டுல இருக்கவங்ககிட்ட பேசிப் பாக்குறேன்.

---

குளச்சல் டீச்சர் | வெள்ளி, மதியம் 1:10

சந்தோசம் தம்பி, சாயங்காலம் அளவு அனுப்புறேன். நீங்க எழுதினதை தலைமை ஆசிரியர்கிட்ட காட்டினேன். வாரத்துல ரெண்டு நாள் காலைப் பிரார்த்தனைக்கு முன்னாடி இருபது நிமிசம் தாறேன்னு சொல்லியிருக்காங்க. கோன் இல்ல, தண்ணி பாட்டிலை வரிசையா வச்சுக்கிடுவோம். முடிச்ச பிறகு ஆளுக்கு ரெண்டு மட்டிப் பழம், அது என் செலவு.

---

மார்த்தாண்டம் பிசியோ | வெள்ளி, இரவு 9:30

நோர்டிக்கை முதல் வாரம் ஒரே நாள், அஞ்சு அஞ்சா ரெண்டு சுற்று. மறுநாள் தொடை நல்லா வலிக்கும், பயப்பட வேண்டாம். பிறகு பையப் பைய வாரத்துக்கு ரெண்டு மூணு நாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் வேண்டாம். விடாம செய்யுற டீம்கள்ல தொடைப் பின்சதைக் காயம் பாதியளவு குறைஞ்சிருக்கு.

---

கோட்டாறு ஸ்டாப்பர் | சனி, காலை 8:00

ஆசான் விசயம் வாசிச்சேன், மனசு நிறைஞ்சுது. விஏஆர் பத்தி சொன்னதுல நான் மாறல்ல, அதை அடுத்த வாரம் வச்சுக்கிடுவோம். பிசியோ தம்பி, எனக்கு அறுபது தாண்டியாச்சு. அண்ணா விளையாட்டரங்கத்துல நடக்குறதை விட்டுட்டு சொத்தவிளையில மணல்ல நடக்கலாம்னு இருக்கேன். இடது முட்டு படி இறங்கும்போது மட்டும் வலிக்கும். மணல் நல்லதா?

---

மார்த்தாண்டம் பிசியோ | சனி, காலை 9:25

அண்ணாச்சி, நடக்கலாம், ஆனா காஞ்ச மணல்ல வேண்டாம். அதுல ஓடினா கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல சக்தி செலவாவும், நடந்தா இன்னும் கூட. பாதமும் புதைஞ்சு புதைஞ்சு திரும்பும். அலை வந்து போற ஈர மணல் கெட்டியா இருக்கும், அதுல நடங்க. கரை சரிவா இருக்கதால ஒரே பக்கமாப் போனா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல இருக்கும், அதனால போன தூரத்துக்கு அதே வழியாத் திரும்பி வாங்க. முதல் வாரம் பத்து நிமிசம் போதும், மீதியை அரங்கத்துலயே நடங்க. படி இறங்கும்போது வாற வலிக்கு சுவர்ல முதுகைச் சாய்ச்சு, முட்டைக் கொஞ்சமா மடக்கி முப்பது விநாடி நிக்கிற பயிற்சி செய்யுங்க, நாலஞ்சு தரம். ரெண்டு வாரத்துல குறையல்லன்னா நேர்ல வாங்க, பாத்துருவோம்.